தெர்மாகோல் பேனல் வீடு: கம்பி எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

கேள்வி, மார்ச் 2

கடலூர் பக்கம் கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வீடு கட்டுகிறோம். நடுவில் தெர்மாகோல், இரண்டு பக்கமும் கம்பி மெஷ், அதன் மேல் மெஷினில் கலவை அடிக்கிற பேனல். சில இடங்களில் மெஷ் தெர்மாகோலோடு ஒட்டியே கிடக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டால், "மேலே 35 மி.மீ. கலவை வருது. கம்பி எவ்வளவு உள்ளே போகுதோ அவ்வளவு நல்லது, துரு பிடிக்காது" என்கிறார். சரிதானே?

மார்ச் 2, இரவு

சரியில்லை. கலவை அடிப்பதை நாளைக்கு நிறுத்தி வையுங்கள்.

சாதாரண கான்கிரீட்டில் கம்பி உள்ளே போனால் அதன் பின்னாலும் கான்கிரீட்தான் இருக்கும். இங்கே பின்னால் இருப்பது தெர்மாகோல். மெஷ் அதோடு ஒட்டிவிட்டால் கம்பியின் முன்பக்கத்தை மட்டும்தான் கலவை பிடிக்கும், பின்பக்கம் வெறுமனே கிடக்கும். கம்பி கான்கிரீட்டோடு சேர்ந்து வேலை செய்வதற்கு அதன் முழுச் சுற்றையும் சிமெண்ட் கவ்விக்கொண்டிருக்க வேண்டும். பாதிதான் கவ்வியிருந்தால் சுமை வரும்போது கம்பி நழுவும், கலவை கம்பியின் தளத்திலேயே ஏடு ஏடாகப் பிரியும்.

துரு விஷயத்திலும் மேஸ்திரி சொல்வது தலைகீழ். கம்பியைத் துருவிலிருந்து காப்பது கலவையின் கனம் மட்டுமில்லை, சிமெண்டின் காரமும்தான். அந்தக் காரம் கம்பியைத் தொட்டுச் சுற்றியிருந்தால்தான் இரும்பின் மேல் காப்புப் படலம் உருவாகும். தெர்மாகோல் தொடுகிற இடத்தில் அது உருவாகாது. ஈரம் போய் உட்காருவதும் அதே இடுக்கில்தான்.

ஆகவே முன்னால் உள்ள கவரை, அதாவது கம்பியிலிருந்து வெளிமுகம் வரை உள்ள கலவைக் கனத்தைப் பார்ப்பதற்கு முன் பின்னால் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நல்ல பேனலில் தெர்மாகோலுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே 13 முதல் 19 மி.மீ. வரை இடம் விட்டுத்தான் ஃபேக்டரியிலிருந்து வரும். அந்த இடைவெளி சைட்டில் எங்கே போகிறது என்று நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3

லாரியில் படுக்கப் போட்டு அடுக்கும்போது அடியில் இருக்கிற பேனலின் மெஷ் அமுங்கும். நிறுத்திய பிறகு ஏணியைச் சாய்ப்பார்கள். சித்தாள்கள் மெஷ்ஷிலேயே கால் வைத்து ஏறுவார்கள், சாரத்தின் குறுக்குக் கட்டையை அதில் முட்டுக் கொடுப்பார்கள். பிளம்பர் தன் பைப்பை மெஷ்ஷுக்குப் பின்னால் நுழைக்க முடியாமல் மெஷ்ஷை வளைத்துவிட்டுப் போவார். எலக்ட்ரீஷியன் மட்டும் கொஞ்சம் தேவலை, ஹாட் ஏர் கன்னால் தெர்மாகோலை உருக்கிப் பள்ளம் எடுத்துக் குழாயைப் பதிப்பார். அவரிடமும் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு மெஷ்ஷிலிருந்து இன்னொரு மெஷ்ஷுக்குத் தெர்மாகோலைத் துளைத்துப் போகிற இணைப்புக் கம்பிகளை வெட்டக் கூடாது. இரண்டு பக்கக் கலவை ஏடுகளையும் ஒரே சுவராக வேலை செய்ய வைப்பது அந்தக் கம்பிகள்தான்.

அமுங்கிய மெஷ்ஷைக் குறடால் வெளியே இழுத்துவிட்டால் பாதி வேலை முடியும். திரும்ப உள்ளே போகிற இடத்தில் சிமெண்ட் கவர் பிளாக்கை (கம்பியை விலக்கி நிறுத்துகிற சின்னக் கட்டி) பின்னால் செருகிக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். உடைந்த ஜல்லி வேண்டாம், மரச்சில்லு வேண்டவே வேண்டாம். ஜல்லியின் கூர்முனை தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதி, பிறகு சுருங்கும்.

மார்ச் 5

"35 மி.மீ. கலவையில் கவர் எவ்வளவு கிடைக்கும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கணக்கை வெளியிலிருந்து ஆரம்பித்தால் குழப்பம்தான் வரும். தெர்மாகோலிலிருந்து வெளியே வாருங்கள்.

தெர்மாகோல் முகத்திலிருந்து இடைவெளி 15 மி.மீ. மெஷ் 3 மி.மீ. கம்பியாக இருந்தால், நெடுக்கும் குறுக்கும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதால் கனம் 6 மி.மீ. 35-இல் இந்த 21 போக மிச்சம் 14 மி.மீ. அதுதான் உங்கள் கவர்.

இப்போது ஐஎஸ் 456-ஐ, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியக் கோடை எடுங்கள். வெயில் மழை படாத, கடற்கரை இல்லாத இடத்துக்கு 20 மி.மீ. கவர். 12 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு அதில் 5 குறைத்துக்கொள்ளலாம், அதாவது 15. ஆக கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊரில், வீட்டுக்குள் இருக்கிற சுவருக்கே 14 என்பது பற்றாக்குறை. கடற்கரைக் காற்று நேராகப் படுகிற வெளிச்சுவர் அதே கோடில் 'கடுமையான' சூழலில் வருகிறது. அதற்குக் கவர் 45 மி.மீ., கலவையின் பலம் குறைந்தது எம் 30 தரம், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. மொத்தக் கலவையே 35 மி.மீ. எனும்போது 45 எங்கிருந்து வரும்?

ஆகவே கடலூர்க்காரர் தன் டிசைனரிடம் கேட்க வேண்டியது, "இந்தச் சுவரில் துருவுக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். வெளிப்பக்க ஏட்டைக் கனமாக்கலாம். துத்தநாகம் பூசிய மெஷ்ஷோ ஸ்டெயின்லெஸ் மெஷ்ஷோ போடலாம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். இதில் எதுவும் இல்லாமல், "கம்பெனி சொன்ன கனம் 35" என்று மட்டும் பதில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 6

"எங்கள் மெஷ் கால்வனைஸ் பண்ணியது, துத்தநாகம் பூசியது, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்டிருக்கிறார்கள். மெஷ்ஷை மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் துளைத்துப் போகிற இணைப்புக் கம்பியும் கால்வனைஸ்தானா என்று பாருங்கள். அது தெர்மாகோலுக்குள் போகிற நீளம் முழுவதும் சிமெண்ட் கிடையாது, ஆகவே காரமும் கிடையாது. மொத்தப் பேனலிலும் காவல் இல்லாத இடம் அதுதான். இரண்டு பேனலை வெட்டி ஒட்டுகிற இடத்தில் சைட்டில் செருகுகிற துண்டுக் கம்பிகளும் அப்படியே. மெஷ்ஷை கால்வனைஸில் வாங்கிவிட்டு, இணைப்புக்குக் கடையில் கிடைத்த கருப்புக் கம்பியைச் செருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 9

துருக்கோடு பற்றி. ஒரு வீட்டின் கடல் பார்த்த சுவரில் பழுப்பு நிறத்தில் நேர்கோடுகள் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 1.2 மீட்டர், அதாவது பேனலின் அகலம். நடுப்பகுதியில் துருவே இல்லை, ஒட்டு இருக்கிற இடத்தில் மட்டும்தான் இருந்தது.

காரணத்தை யோசித்தால் எளிதுதான். இரண்டு பேனல் சேரும் இடத்தில் மேலே ஒரு பட்டை மெஷ் போட்டுக் கட்டுகிறோம். அது இன்னொரு 6 மி.மீ. கனம். ஏற்கெனவே 14 ஆக இருந்த கவர் அங்கே 8 ஆகிவிடுகிறது. மூலைக்குப் போடுகிற எல் வடிவ மெஷ்ஷிலும், ஜன்னல் மூலையில் சாய்வாகப் போடுகிற துண்டிலும் இதே கதைதான். பூச்சுக்காரர் தூக்குக்குண்டு போட்டு மட்டமாக இழுக்கத்தான் பார்ப்பார். ஒட்டில் புடைத்து நிற்கிற மெஷ்ஷுக்காகச் சுவர் முழுவதையும் கனமாக்க மாட்டார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, பட்டை மெஷ்ஷைத் திருப்பிப் போடுவது. பேனல் மெஷ்ஷின் மேல்வரிசைக் கம்பி நெடுக்காக இருந்தால், பட்டையின் நெடுக்குக் கம்பி உள்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். இரண்டு நெடுக்கு வரிசையும் ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கனம் 12-க்குப் பதில் 9. கவர் 11 ஆவது மிஞ்சும். இரண்டாவது வழி, ஒட்டின் இரு பக்கமும் ஹாட் ஏர் கன்னால் தெர்மாகோலை 10 மி.மீ. உருக்கி எடுத்துவிட்டு மெஷ்ஷை அந்த அளவு உள்ளே தள்ளிக் கட்டுவது. பின்னால் உள்ள இடைவெளியும் குறையாது, முன்னால் கவரும் கிடைக்கும். நேரம் பிடிக்கிற வேலை. கடல் பார்த்த சுவருக்கு மட்டுமாவது செய்யுங்கள்.

மார்ச் 12

தளத்துக்கு வருவோம், அங்கேதான் சிக்கல் அதிகம்.

அடியில் 35, தெர்மாகோல் 100, மேலே 50 என்று 185 மி.மீ. தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனலோடு வருகிற மெஷ் 3 மி.மீ. கம்பி, 50 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் 141 சதுர மி.மீ. இரும்புதான் இருக்கிறது. அறை கொஞ்சம் பெரிதானால் இது போதாது. உடனே "அடியில் 8 மி.மீ. கம்பியை 150 இடைவெளியில் கூடுதலாகக் கட்டு" என்று வரைபடத்தில் ஒரு வரி வரும். நல்ல வரிதான், இன்னொரு 335 சதுர மி.மீ. சேரும். ஆனால் அதை எங்கே கட்டுவது?

மெஷ்ஷுக்கு வெளியே கட்டினால்: 35-இல் 15, 6, 8 போக 6 மி.மீ. கவர். பார்க்கும்போதே தெரிகிறது, நிற்காது. மெஷ்ஷுக்கு உள்ளே, அந்த 15 மி.மீ. இடைவெளியில் விட்டால்: கம்பிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே 7 மி.மீ. அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கிற கலவை மெஷ்ஷைத் தாண்டி, கம்பியையும் சுற்றிக்கொண்டு அந்த 7 மி.மீ. சந்தில் போய் நிரம்ப வேண்டும். நிரம்பாது. கீழே நின்று பார்க்கும்போது கலவை பூசிய மாதிரியே தெரியும், கம்பியின் முதுகு வெறுமையாகக் கிடக்கும்.

ஆகவே கம்பிக்கு இடத்தைத் தெர்மாகோலிடமிருந்துதான் வாங்க வேண்டும். கூடுதல் கம்பி போகிற வழியில் 100 மி.மீ. அகலம், 60 மி.மீ. ஆழத்துக்குத் தெர்மாகோலில் வாய்க்கால் எடுத்து, கம்பிகளை அதில் சேர்த்துவிடுங்கள். அது அடிப்பக்கம் ஒரு சிறிய உத்திரம் மாதிரி ஆகிவிடும். 12 மி.மீ. கம்பியை மெஷ்ஷின் உள்பக்கம் தொட்டபடி கட்டினால் கவர் 20. அதன் மேலே தெர்மாகோல் வரை 63 மி.மீ. கலவைக்கு இடம் இருக்கிறது. கம்பியைச் சுற்றி நன்றாகக் கலவை போகும். 150-க்கு ஒரு 8 மி.மீ. கம்பிக்குப் பதில், 335 மி.மீ. இடைவெளியில் வாய்க்காலுக்கு ஒரு 12 மி.மீ. கம்பி என்றாலும் கிட்டத்தட்ட அதே இரும்பு வந்துவிடும். மாற்றுவதை டிசைனர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், மேஸ்திரியும் நாமும் முடிவு பண்ணுகிற விஷயம் இல்லை இது.

சைட்டில் உருக்குவதைவிட வாய்க்காலோடு வெட்டிய பேனலாகவே ஆர்டர் கொடுப்பது மேல். இணைப்புக் கம்பிகளும் அதற்குத் தகுந்தபடி விலகி நிற்கும்.

மார்ச் 13

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்ப்பு. கடலோர வீட்டின் உள்கூரைக்கு, உப்புக் காற்று நேராகப் படாத இடம் என்றாலும், ஐஎஸ் 456 கேட்பது 30 மி.மீ. கவர். வாய்க்காலில் 12 மி.மீ. கம்பியை மெஷ்ஷுக்கு மேல் இன்னும் 10 மி.மீ. தூக்கிக் கட்டினால் 30 கிடைக்கும். சும்மா தூக்கிவிட முடியாது. கம்பியின் மையம் மேல் முகத்திலிருந்து 159 மி.மீ. ஆழத்தில் இருந்தது, இனி 149. தளத்தின் பலத்தில் சுமார் 6 சதவீதம் போய்விடும். கவருக்காகக் கம்பியை நகர்த்தினால் டிசைனருக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

மார்ச் 15

தளத்தின் மேல் மெஷ்ஷைத் தூக்கி நிறுத்தச் சேர் வைப்பது பற்றிக் கேட்டவருக்கு. வழக்கமான சேர், அதாவது வளைத்த 12 மி.மீ. கம்பி, தெர்மாகோல் மேல் நிற்காது. கனமீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் ஒரு சதுர மி.மீ.-க்கு சுமார் 0.07 நியூட்டன் அழுத்தத்திலேயே நன்றாக அமுங்கிவிடும். 70 கிலோ ஆள் ஒருவர் மெஷ்ஷில் மிதித்து, அந்தச் சுமை ஒரே காலில் இறங்கினால் 113 சதுர மி.மீ. முனையில் 700 நியூட்டன், அதாவது சதுர மி.மீ.-க்கு 6-க்கு மேல். தெர்மாகோல் தாங்குவதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு. கால் நேராக உள்ளே இறங்கும், மெஷ்ஷும் கூடவே இறங்கும்.

காலுக்கு அடியில் 100-க்கு 100 மி.மீ. சிமெண்ட் வில்லை வைத்தால் அழுத்தம் அந்த 0.07-க்குத்தான் வருகிறது, விளிம்பில் நிற்கிறது. 150-க்கு 150 வைத்தால் 0.03, அது போதும். அதோடு பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். கலவை கொட்டும் நாளில் பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள், வழியில் கிடக்கிறது என்று. அன்றைக்குத்தான் அது தேவை.

மார்ச் 16

"ஃபெரோசிமெண்டில் சில மில்லிமீட்டர் கவர்தானே, படகே கட்டியிருக்கிறார்களே" என்று ஒருவர். நியாயமான கேள்வி. பிரான்சில் லம்போ 1848-இல் கட்டிய சிமெண்ட் படகு இன்னும் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் ஃபெரோசிமெண்டில் மெல்லிய வலைகளைப் பல அடுக்காக நெருக்கிப் போடுகிறார்கள். சிமெண்ட் அதிகமுள்ள கலவையைக் கையால் அழுத்தி இரண்டு பக்கமும் நிரப்புகிறார்கள். விரிசல் வந்தாலும் மயிரிழை மாதிரி பரவி வரும், அகலமாகத் திறக்காது. அடியில் தெர்மாகோல் கிடையாது. நம் பேனலில் ஏட்டுக்கு ஒரே ஒரு மெஷ், 50 மி.மீ. கண். அந்தச் சலுகையை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 18

வேறொருவர் பேனல் போடவில்லை. சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, நடுவில் தெர்மாகோல் பிளாக் அடுக்கி, கான்கிரீட் கொட்டப் போகிறார். அவருக்கு அவசரமாக ஒன்று: பிளாக் மிதக்கும்.

ஈரக் கான்கிரீட் கனமீட்டருக்கு 2400 கிலோ. 100 மி.மீ. தெர்மாகோல் அதில் முழுக முழுக, சதுர மீட்டருக்கு 240 கிலோ வரை மேலே தள்ளும். மேல் மெஷ்ஷைப் பிளாக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தால் மெஷ்ஷும் எழும்பும், மேல் கவர் காணாமல் போகும். பிளாக்கைக் கீழ்க் கம்பியோடு கட்டியிருந்தால் கீழ்க் கம்பியையும் கவர் பிளாக்கிலிருந்து தூக்கிவிடும். வைப்ரேட்டர் வைத்தால் இன்னும் வேகமாக எழும்பும். கட்டு சென்டரிங்கோடு இருக்க வேண்டும். பலகையில் துளை போட்டு, கட்டுக்கம்பியைக் கீழே இறக்கி முறுக்கிப் பிடியுங்கள். பிளாக்கின் மேல் ஒரு குறுக்குக் கம்பி வைத்து அதன் மேல் கட்டு விழட்டும், இல்லாவிட்டால் கட்டுக்கம்பி தெர்மாகோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அடிப்பக்கத்தை முதலில் கொட்டி, அது கொஞ்சம் இறுகி வருகிற நேரத்தில் மேலே தொடர்ந்தால் தள்ளுதல் குறையும். ஆனால் ரொம்ப நேரம் விட்டால் இரண்டு கான்கிரீட்டும் ஒட்டாது.

மார்ச் 21

கலவை அடிப்பது. முனையைச் சுவருக்கு நேர்செங்குத்தாகப் பிடிக்கவேண்டும், சாய்த்து அடித்தால் கம்பிக்குப் பின்னால் நிழல் மாதிரி ஓர் ஓட்டை விழும். 3 மி.மீ. மெஷ்ஷில் இது பெரிய தொல்லை இல்லை. ஜன்னல் ஓரத்திலும், அஸ்திவாரத்திலிருந்து எழும்பி வருகிற ஸ்டார்ட்டர் கம்பியிலும்தான் தொல்லை. ஒரு கம்பி முடிகிற இடத்தில் அடுத்ததைக் கொஞ்ச நீளம் சேர்த்து ஒட்டிக் கட்டி லேப் போடுவது நம் பழக்கம். ஷாட்கிரீட்டில், அதாவது இப்படி மெஷினில் அடிக்கிற கலவையில், அந்த இரட்டைக் கம்பிதான் பெரிய தடுப்பு. ஆகவே ஷாட்கிரீட் லேப்பில் இரண்டு கம்பிக்கும் நடுவே இடம் விட வேண்டும், எவ்வளவு என்று டிசைனர் சொல்லட்டும். கம்பிகள் தொடாமலே லேப் வேலை செய்யும், நடுவிலிருக்கிற கான்கிரீட் விசையைக் கடத்திவிடும். ஒட்டிக் கட்டவில்லையே என்று மேஸ்திரி சண்டை போடுவார், டிசைனர் வரைந்து கொடுத்த படத்தைக் காட்டுங்கள்.

மார்ச் 22

கடலூர்க்காரர் தன் சைட் படங்களை அனுப்பியிருந்தார். மெஷ்ஷை இழுத்துவிட்டு கவர் பிளாக் வைத்திருக்கிறார், நல்ல வேலை. எல்லா இடத்தையும் கண்ணால் பார்த்தே சரி என்று விட்டிருக்கிறார், அது போதாது. 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றை எல் மாதிரி வளைத்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷ்ஷுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே அது தாராளமாக நுழைந்து நகர வேண்டும். சிக்கினால் அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். மேல் கனத்துக்கு மட்டப் பொட்டு வைத்து, நூல் கட்டி, நூலிலிருந்து மெஷ்ஷுக்கு அளந்து கவர் பாருங்கள். இரண்டும் கலவை அடிப்பதற்கு முன்பே முடிய வேண்டும். கவர் மீட்டர் பிறகு முன்பக்க ஆழத்தைச் சொல்லும், பின்னால் கலவை போயிருக்கிறதா என்று சொல்லாது. சுத்தியால் தட்டி 'டொக்' சத்தம் கேட்பது ஓரளவுதான் உதவும், ஏனென்றால் தெர்மாகோல் சுவர் முழுவதுமே கொஞ்சம் டொக்கென்றுதான் கேட்கும்.

மார்ச் 26

சன்ஷேடு: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது, ஆகவே முக்கியக் கம்பி மேலே. வேலையாட்கள் அதன் மேல் நின்றுதான் அடுத்த வேலையைச் செய்வார்கள், கம்பி அடிக்குப் போய்விடும். அங்கே தெர்மாகோலே வைக்காமல் கெட்டியாகப் போட்டுவிடுங்கள். பெரிய நீட்டல் என்றால் சுவரோடு சேரும் அடிப்பகுதியாவது கெட்டியாக இருக்கட்டும்.

மார்ச் 28

ஹாலில் ஊஞ்சல் போட வேண்டும், தெர்மாகோல் தளம் தாங்குமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார்கள். தாங்கும்படி செய்யலாம், தளம் போடுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தால். கொக்கியை மெஷ்ஷில் மாட்டாதீர்கள், 35 மி.மீ. ஏட்டை அப்படியே உரித்துக்கொண்டு வந்துவிடும். கொக்கிகள் இரண்டும் நிற்கிற கோட்டில், சுவரிலிருந்து சுவர் வரை தெர்மாகோலை நீக்கி, முழுக் கனத்துக்கும் கெட்டியான ஒரு மறைவு உத்திரம் வரட்டும். அதில் மேலும் கீழும் கம்பி, ரிங் எல்லாம் கட்டி, கொக்கியின் இரண்டு கால்களும் மேல் கம்பிக்கு மேலே போய் வளைந்து அதன் மேல் உட்கார வேண்டும். கொக்கிக்கு முறுக்கு இல்லாத வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பி எடுங்கள், வளைக்கும்போது விரிசல் விழாது. நாலு பேர் உட்கார்ந்து வேகமாக ஆடினால் வெறும் எடையைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கம் இழுக்கும். அதை டிசைனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபேன் கொக்கிக்கு இவ்வளவு வேண்டாம், வாய்க்கால் கம்பியில் கால் வளைத்து மாட்டினால் போதும்.